லண்டனின் முதல் பாதாள ரயில்: தலைக்கு மேலே நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

உலகின் முதல் பாதாள ரயில் 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. மேற்கே பாடிங்டன், கிழக்கே ஃபேரிங்டன், இடையில் ஐந்து நிலையங்கள், மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். முதல் நாளிலேயே ஏறக்குறைய 38,000 பேர் ஏறிப் பார்த்தார்கள். அதே பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. லண்டன் வந்து போகிற நம்மவர்கள் பலர் தெரியாமலே அதில் பயணம் செய்திருப்பார்கள்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் ஒரு நாள் ஒதுக்கி இந்தப் பாதையைக் காட்டிவிடுவேன். ரயிலில் கொஞ்சம், நடையில் நிறைய. ஏன் நடை? இந்த ரயில் ஆழத்தில் ஓடுவதில்லை. சாலையைப் பிளந்து, பெரிய வாய்க்கால் போல வெட்டி, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே செங்கல் வளைவு போட்டு, மறுபடி மண்ணை நிரப்பிச் சாலை போட்டார்கள். அதனால் மேலே இருக்கும் சாலை எப்படிப் போகிறதோ அப்படியே கீழே ரயிலும் போகிறது. சாலையோரமாக நடந்தால் ரயிலின் கூடவே நடக்கிறீர்கள். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது இது புரியவே புரியாது.

நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம் ஆகும். சாப்பாடு, அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்தால் முழு நாள்.

கிளம்பும் முன்

ரயிலுக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டாம். காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டையோ ஓய்ஸ்டர் கார்டு என்ற லண்டன் பயண அட்டையோ இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. உள்ளே போகும்போது எதைத் தொட்டீர்களோ, வெளியே வரும்போதும் அதையே தொடுங்கள். அட்டையால் உள்ளே போய், அதே அட்டையை ஏற்றி வைத்த போனால் வெளியே வந்தால், இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு பயணிகள். இரண்டுக்கும் கூடுதல் கட்டணம் பிடித்துவிடும். 11 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெரியவர்களோடு வந்தால் டியூபில், அதாவது லண்டன் பாதாள ரயிலில், இலவசம்.

இன்னொரு விஷயம். பிளாட்பாரத்தை மட்டும் பார்த்துவிட்டு அதே நிலையத்திலேயே வெளியே வராதீர்கள். அதற்கும் காசு பிடிக்கும். கீழே பார்க்க வேண்டியவை எல்லாம் ஒரே ரயில் பயணத்துக்குள் வரும்படித்தான் இந்த வழியை அமைத்திருக்கிறேன்.

வார நாளானால் காலை 9.30 மணிக்குப் பிறகு கிளம்புங்கள். அதற்கு முன் கட்டணமும் கூட்டமும் அதிகம். என்னைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் நல்லது. சாலையில் இரைச்சல் குறைவாக இருக்கும். இந்த நடையில் ஓரிடத்தில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். எனவே சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி ஆகிய இரண்டு பாதைகளும் ஓடுகின்றனவா என்று முந்தின நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். நல்ல ஷூ, மழைக்கு ஒரு மேல்சட்டை, தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான்.

முதல் நிறுத்தம்: பாடிங்டன், அப்புறம் லின்ஸ்டர் கார்டன்ஸ்

பாடிங்டன் பெரிய ரயில் நிலையத்தின் வடக்கு ஓரத்தில், கால்வாய்ப் பக்கம், ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி ரயில்கள் நிற்கும் இடம்தான் 1863-இல் பிஷப்ஸ் ரோடு என்ற பெயரில் திறந்த நிலையம். இப்போது எல்லாம் மாற்றிக் கட்டிவிட்டார்கள். அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். பிரேட் தெருப் பக்கமாக வெளியே வந்து, கிரேவன் ரோடு, கிரேவன் ஹில் வழியாக மேற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் லின்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெரு வரும்.

வெள்ளை வெளேரென்று தூண் வைத்த வாசல்களோடு வரிசையாக உயர்ந்த வீடுகள். அதில் 23, 24 எண்களைத் தேடுங்கள். முதலில் எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். பக்கத்து வீடுகளைப் போலவே இருக்கும்: அதே தூண், அதே பால்கனி, அதே உயரம். பிறகு கிட்டே போங்கள். சன்னல்களில் கண்ணாடி இல்லை. கண்ணாடி போலத் தெரிய சாம்பல் நிறப் பூச்சுதான். கதவில் கடிதம் போடும் துளை இல்லை. உள்ளே விளக்கு எரிவதில்லை, திரை அசைவதில்லை. இது வீடே இல்லை. முன்பக்கச் சுவர் மட்டும்தான்.

காரணம் இதுதான். 1868-இல் பாதையை பாடிங்டனிலிருந்து தெற்கே கென்சிங்டன் பக்கம் நீட்டியபோது இந்த இரண்டு வீடுகளையும் இடிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு ஓடியவை நீராவி எஞ்சின்கள். சுரங்கத்துக்குள் நீராவியையும் புகையையும் முடிந்தவரை அடக்கிக்கொண்டு வந்து, இப்படிப்பட்ட திறந்த இடங்களில் வெளியே விடுவார்கள். அதனால் அந்த இடத்தை மூடாமல் விட்டார்கள். வசதியானவர்கள் வாழ்ந்த தெருவில் பல் விழுந்தது போல ஓட்டை தெரியக்கூடாது என்று, சுமார் ஐந்தடி கனத்தில் பொய்ச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

இத்தோடு திரும்பிவிடாதீர்கள். பாதி விஷயம் பின்னால் இருக்கிறது. கிரேவன் ஹில் கார்டன்ஸ் வழியாகச் சுற்றி, மேற்கே அடுத்த தெருவான போர்செஸ்டர் டெரஸுக்கு வாருங்கள். வீடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் வெறும் சுவர் வரும். அதற்கு மேலாக எட்டிப் பார்த்தால் கீழே தண்டவாளம், எதிரே அந்தப் பொய் வீட்டின் முதுகு. இரண்டு பக்கத்து வீடுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிடாதபடி குறுக்கே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சில நிமிடம் பொறுத்தால் ரயில் ஒன்று சத்தத்தோடு கடந்து போகும். குழந்தைகளோடு போனால் அவர்களைத் தூக்கிக் காட்டுங்கள், சுவர் சற்று உயரம்.

ரயிலேறும் பகுதி: பேய்ஸ்வாட்டரிலிருந்து பேக்கர் ஸ்ட்ரீட்

அங்கிருந்து மேற்கே குயின்ஸ்வே தெருவில் பேய்ஸ்வாட்டர் நிலையம், சில நிமிட நடை. எட்ஜ்வேர் ரோடு என்று போட்ட ரயிலில் ஏறி, சன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இருட்டுக்கு நடுவே ஒரு நொடி வெளிச்சம் வந்து மறையும். நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த பொய் வீட்டின் பின்புறம் அதுதான். முன்கூட்டித் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்த ஒரு நொடி கிடைக்கும். என்னோடு வந்தவர்கள் எல்லாருக்கும் இந்த இடத்தில் முகம் மலர்ந்திருக்கிறது.

எட்ஜ்வேர் ரோடில் ரயில் மாற வேண்டும். வானம் தெரியும் திறந்த நிலையம் இது. இதே பெயரில் பக்கத்தில் இன்னொரு நிலையமும் உண்டு. அது பேக்கர்லூ பாதைக்கானது, நமக்கு வேண்டாம். வெளியே போகாமல் பிளாட்பாரத்திலேயே மாறிக்கொள்ளுங்கள். பாதை திறக்கும் முன்னால், 1862 மே மாதம், அப்போதைய நிதியமைச்சர் கிளாட்ஸ்டனும், இந்தப் பாதையைப் போட்ட மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனிக்காரர்களும் மண் அள்ளும் திறந்த வண்டியில் ஏறிச் சோதனைப் பயணம் வந்த புகைப்படம் ஒன்று மிகவும் பிரபலம். உயரத் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள் மரப் பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அது எடுக்கப்பட்டது இந்த நிலையத்தில்தான்.

கிழக்கே போகும் சர்க்கிள் அல்லது ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி ரயிலில் ஏறி, அடுத்த நிறுத்தமான பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். இறங்கியதும் படியேறிவிடாதீர்கள். ரயில் போகட்டும், கூட்டம் கலையட்டும்.

5, 6 எண் பிளாட்பாரங்கள் இவை. 1863-இன் நிலையம் எப்படி இருந்தது என்று காட்ட இதைவிட நல்ல இடம் லண்டனில் கிடையாது. இரண்டு பிளாட்பாரத்தையும் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே செங்கல் வளைவு மூடி நிற்கிறது. பக்கச் சுவர்களில் வரிசையாகப் பெரிய குழிவுகள், அவற்றுக்குள் பெஞ்சுகள். ஒன்றில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். சுவர் உங்கள் தலைக்கு மேல் சாய்வாக மேலேறிப் போகும். இன்று அங்கே விளக்கு எரிகிறது. அன்று அது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்த வழி. மேலே சாலையோரம் போய்த் திறந்தது. சுரங்கத்துக்குள் பகல் வெளிச்சம் விழ வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் மறைந்துபோன இந்த அமைப்பை 1980-களில் பழையபடி மீட்டெடுத்தார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவை அழைத்துப் போனபோது, அவர் அந்தக் குழிவுக்குள் உட்கார்ந்து செங்கலைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். "மாப்ள, கரி எஞ்சின் பக்கத்துல நின்னவனுக்குத்தான் தெரியும், இந்த ஓட்டை இல்லேன்னா மூச்சுவிட முடியாது" என்றார். மூன்று ரயில்களை விட்டுவிட்டுத்தான் எழுந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. நீங்களும் உங்களோடு வருகிறவர்களை இங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

இங்கே நிற்கும்போதே கவனிக்க இன்னொன்று. வந்து நிற்கும் ரயில் நல்ல அகலமும் உயரமுமாக இருக்கும். இதே நிலையத்தில் ஆழத்தில் ஓடும் பேக்கர்லூ பாதையின் ரயிலோ தலை இடிக்கும் அளவுக்குக் குள்ளம், உருண்டை. மேலே உள்ளது தோண்டி மூடிய பாதை, கீழே உள்ளது களிமண்ணுக்குள் குழாய் போலத் துளைத்த பாதை. டியூப் என்ற பெயர் அந்தக் குழாயிலிருந்து வந்தது. ஆகவே நாம் பின்தொடரும் 1863 பாதை, கறாராகச் சொன்னால், டியூபே அல்ல.

பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து கிரேட் போர்ட்லாண்டு ஸ்ட்ரீட்

இனி ஃபேரிங்டன் வரை நடை. தூரம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். மெரில்போன் ரோடு வாசல் வழியாக வெளியே வாருங்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் சிலை நிற்கும். அதை வலப்பக்கம் வைத்தோ இடப்பக்கம் வைத்தோ குழம்ப வேண்டாம், மேடம் துசோ மெழுகுச் சிலைக் கூடம் இருக்கும் திசைதான் கிழக்கு. அந்தத் திசையில் நேராக நடங்கள்.

ஆறு தடத்தில் வண்டிகள் சீறும் இந்தச் சாலை பார்க்க அழகில்லை. ஆனால் இதன் கதை தெரிந்தால் நடை அலுக்காது. 1750-களில் இது ஊருக்கு வெளியே போட்ட புறவழிச் சாலை. பெயரே நியூ ரோடு, அதாவது புதுச் சாலை. மேற்கிலிருந்து ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டி வரும் ஆடுமாடுகள் ஊருக்குள் நெரிசல் உண்டாக்கக் கூடாது என்பது அதைப் போட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். நூறாண்டு கழித்து ரயில் போட இடம் தேடிய பொறியாளர் ஜான் ஃபவுலருக்கு இந்த அகலச் சாலை கைகொடுத்தது. சாலைக்கு அடியில் போனால் வீடுகளை விலை கொடுத்து வாங்க வேண்டாமே! 1860-இல் வேலை தொடங்கியதும் மூன்று வருடம் இந்தச் சாலை முழுக்க மண்மேடும் மரச் சாரமுமாகக் கிடந்தது. இரு மருங்கும் குடியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டே நடங்கள். மாடுகள் போன வழியில்தான் ரயில் போகிறது, ரயில் போன வழியில்தான் நீங்கள் போகிறீர்கள். நம் நடையும் அந்த ஸ்மித்ஃபீல்டுக்குப் பக்கத்தில்தான் முடியும்.

பதினைந்து நிமிடத்தில் கிரேட் போர்ட்லாண்டு ஸ்ட்ரீட் நிலையம். சாலைகளுக்கு நடுவே தீவு போல, நீள்வட்டமாக நிற்கும். இந்தக் கட்டடம் 1930-ஐச் சேர்ந்தது, மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கிளார்க் வரைந்தது. இவர் பெயரை நினைவில் வையுங்கள், கடைசி நிலையத்தில் மறுபடி வருவார். ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு நகரலாம்.

யூஸ்டன் ஸ்கொயர்: மருந்துக் கடையும் தோசையும்

அடுத்தது யூஸ்டன் ஸ்கொயர். 1909 வரை இதன் பெயர் கோவர் ஸ்ட்ரீட். நிலையம் மேலிருந்து பார்க்கச் சாதாரணம். ஆனால் புகையின் கதையைச் சொல்ல இதுதான் சரியான இடம்.

இரண்டு சுவருக்கு நடுவே நீராவி எஞ்சின், காஸ் விளக்கு, பெட்டிக்குள் புகைபிடிக்கும் பயணிகள் என்றால் காற்று எப்படி இருந்திருக்கும்! நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிவிட்டுக் குளிரவைக்க எஞ்சினில் ஏற்பாடு இருந்தது. ஆனால் நெருப்பின் புகைக்கு மாற்று வழி இல்லை. சாலையில் ஆங்காங்கே துளை போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 1897-இல் அரசு விசாரணை நடந்தபோது, கோவர் ஸ்ட்ரீட் பக்கத்து மருந்துக் கடைக்காரர் வந்து சாட்சி சொன்னார். மூச்சுத் திணறி மேலேறி வரும் பயணிகளுக்கு என்றே அவர் கடையில் ஒரு மருந்து கலந்து வைத்திருந்தார். அதற்கு மெட்ரோபாலிட்டன் மிக்ஸ்சர் என்று பெயரே விழுந்துவிட்டது. 1905-இல் மின்சாரம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் மக்கள் அந்தப் புகைக்குள் தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

பசித்தால் இங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. யூஸ்டன் ரோட்டுக்கு வடக்கே, இரண்டு நிமிடத்தில் டிரம்மண்ட் தெரு. பல வருடமாக இந்தியச் சைவச் சாப்பாட்டுக்குப் பேர்போன தெரு. பேல்பூரியும் கிடைக்கும், தோசையும் கிடைக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நடந்து பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் முதல் கவலை. வழியில் உள்ள யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் பெரிய ரயில் நிலையங்களில் இலவசம். பிரிட்டிஷ் நூலகத்துக்குள்ளும் போகலாம்; நுழைவுக் கட்டணம் இல்லை, உட்காரவும் நல்ல இடம்.

கிங்ஸ் கிராஸ்

நூலகத்தையும் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தின் சிவப்புக் கோபுரங்களையும் தாண்டினால் கிங்ஸ் கிராஸ். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1987 நவம்பர் 18 மாலை, மர எஸ்கலேட்டர் ஒன்றின் அடியில் பற்றிய தீயில் 31 பேர் இந்த நிலையத்தில் இறந்தார்கள். யாரோ பற்றவைத்துப் போட்ட தீக்குச்சி, படிகளுக்கு அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் விழுந்து பிடித்தது என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். சுரங்க நிலையங்களில் இன்று நாம் பார்க்கும் பல பாதுகாப்பு ஏற்பாடுகள் அந்த மாலைக்குப் பிறகு வந்தவை. இறந்தவர்களின் நினைவுப் பலகை நிலையத்துக்குள் இருக்கிறது.

1863-இன் நிலையம் இப்போதுள்ள இடத்தில் இல்லை, சற்றுக் கிழக்கே இருந்தது. 1941-இல்தான் மேற்கே மாற்றினார்கள். பென்டன்வில் ரோடும் கிரேஸ் இன் ரோடும் பிரியும் முனையில், உச்சியில் கலங்கரை விளக்கம் போன்ற சின்னக் கோபுரத்தோடு ஆப்பு வடிவில் ஒரு கட்டடம் நிற்கும். பழைய பாதை அந்த முனைக்கு அடியில்தான் தெற்கே வளைகிறது. நாமும் இங்கே தெற்கே திரும்புகிறோம்.

ஃபிளீட் ஆற்றின் கூடவே

என் கணக்கில் இந்த நடையின் உயிரான பகுதி இதுதான். கால் வலித்தாலும் இதை மட்டும் ரயிலில் தாண்டிவிடாதீர்கள்.

கிங்ஸ் கிராஸ் ரோட்டில் இறங்குங்கள். இறங்குங்கள் என்று சொல்வது சும்மா இல்லை. சாலை வளைந்து வளைந்து போகும், இரண்டு பக்கமும் தெருக்கள் மேடேறும். காரணம், நீங்கள் ஆற்றுப் படுகையில் நடக்கிறீர்கள். ஃபிளீட் என்ற ஆறு வடக்கே ஹாம்ஸ்டெட் மேட்டிலிருந்து தேம்ஸ் வரை இந்த வழியாக ஓடியது. ஊர் வளர வளரச் சாக்கடையாகி, பிறகு மூடப்பட்டு, இன்றும் கழிவுநீர்க் கால்வாயாக அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இருபது நிமிட நடைக்குள் மவுண்ட் பிளசன்ட் வரும். இங்கே அஞ்சல் அருங்காட்சியகம் இருக்கிறது. கடிதங்களுக்கென்றே லண்டனில் தனிப் பாதாள ரயில் ஒன்று ஓடியது தெரியுமா? 1927 முதல் 2003 வரை, பாடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை, ஓட்டுநர் இல்லாமல், மூட்டை மூட்டையாகக் கடிதம் சுமந்தது. அந்தச் சுரங்கத்துக்குள் இப்போது குட்டி ரயிலில் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு சுற்றி வருகிறார்கள். முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். பெட்டி மிகவும் குறுகலானது, மூடிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள் தவிர்க்கலாம். பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஃபேரிங்டன் ரோட்டில் தொடர்ந்து தெற்கே வந்து, வலப்பக்கம் ரே ஸ்ட்ரீட் என்ற சின்னத் தெருவுக்குள் திரும்புங்கள். கோச் என்ற மதுக்கடை இருக்கும். அதன் எதிரே சாலையில் ஒரு இரும்புக் கிராதி மூடி பதித்திருக்கிறது. வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதன் அருகில் குனிந்து காதைக் கொடுங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். சொட்டுச் சொட்டாக இல்லை, ஆறு ஓடுகிற சத்தம், இடைவிடாத இரைச்சல். மழை பெய்த மறுநாள் இன்னும் பலமாகக் கேட்கும். ஞாயிறு காலை என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

1862 ஜூனில், பாதை முடியும் தறுவாயில், இந்த ஆறு கரையை உடைத்தது. கால்வாயின் செங்கல் கட்டுமானம் பிளந்து, கழிவுநீர் பாய்ந்து, புதிதாகக் கட்டிய சுரங்கத்துக்குள் பத்தடி உயரத்துக்கு நிரம்பியது. அந்த ஆண்டு திறக்க வேண்டிய பாதை மறு ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆற்றைவிடப் பெரிய சேதம் மனிதர்களுக்கு. யூஸ்டன் ரோடு வரை சாலைக்கு அடியில் போன ரயில், இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருப்புகளின் ஊடே போனது. இங்கே இருந்தவை ஏழைகளின் நெருக்கமான வாடகை வீடுகள். புதிய சாலைக்கும் ரயிலுக்குமாக அவற்றைத் தெருத்தெருவாக இடித்தார்கள். இழப்பீடு மனைக்குச் சொந்தக்காரர்களுக்குப் போனது. குடியிருந்த ஆயிரக்கணக்கானோர் சட்டி பானையோடு பக்கத்துச் சேரிகளில் போய் அடைந்தார்கள். இந்தத் தெருக்களில் அவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். அதனால்தான் கூட்டி வருகிறவர்களிடம் நான் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது.

மறுபடி ஃபேரிங்டன் ரோட்டைக் கடந்து கிழக்கே ஃபேரிங்டன் லேனுக்கு வாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே தண்டவாளங்கள் திறந்த பள்ளத்தில் போகின்றன. லேனில் ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பழைய கிணறு ஒன்று தெரியும். கிளார்க்கன்வெல் என்று இந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது இந்தக் கிணற்றால்.

ஃபேரிங்டன்: பாதை முடிந்த இடம்

டர்ன்மில் ஸ்ட்ரீட் வழியாக இறங்கினால் கவ்கிராஸ் ஸ்ட்ரீட்டில் ஃபேரிங்டன் நிலையம். பெயரைப் பார்த்தீர்களா, கவ் என்றால் பசு, இங்கேயும் மாடு! எதிரெதிரே இரண்டு கட்டடங்கள். புதியதன் வழியாக, 2022-இல் திறந்த எலிசபெத் ரயில் பாதைக்குப் போகலாம். பழையதைப் பாருங்கள். 1920-களில் சார்ல்ஸ் கிளார்க் கட்டியது. நெற்றியில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்ற பெயரும், ஃபேரிங்டன் அண்டு ஹை ஹோல்பார்ன் என்ற பழைய நிலையப் பெயரும், பார்சல் அலுவலகம் என்ற எழுத்தும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. 1863-இன் கடைசி நிலையம் இதற்குச் சற்றுத் தள்ளி இருந்தது. 1865 டிசம்பரில் பாதையை மூர்கேட் வரை நீட்டியபோது இங்கே வந்தது.

திறப்பு விழா விருந்து 1863 ஜனவரி 9 அன்று ஃபேரிங்டனில் நடந்தது. அந்த விருந்தில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. சார்ல்ஸ் பியர்சன். லண்டன் மாநகராட்சியின் வழக்கறிஞர். இருபது வருடத்துக்கு மேல் இந்த ரயிலுக்காகப் பேசியவர், எழுதியவர், மாநகராட்சியைப் பணம் போட வைத்தவர். நெரிசலில் வாடும் தொழிலாளிகள் ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீடுகளில் குடியிருந்து, குறைந்த கட்டணத்தில் ரயிலேறி வேலைக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. திறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, 1862 செப்டம்பரில் இறந்துபோனார். 1864-இல் தொழிலாளிகளுக்கென்று அதிகாலை ரயில்கள் விட்டார்கள். போக வர மூன்று பென்னி. சாதாரண நாளில் மூன்றாம் வகுப்பில் ஒரு வழிக்கே மூன்று பென்னி ஆகும்.

இரண்டு நிமிடம் தள்ளி ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக் கட்டடம். 1868-இல் திறந்தபோது அதன் அடித்தளத்தில் ரயில் வந்து நிற்க இடம் வைத்தே கட்டினார்கள். சாலையில் நடந்து வந்த மாடுகள் போய், இறைச்சி ரயிலில் வர ஆரம்பித்தது.

திரும்பும்போது ஃபேரிங்டனிலிருந்து கிங்ஸ் கிராஸ் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். சன்னலில் கண் வைத்தால், இன்னொரு ஜோடி தண்டவாளம் உங்கள் பாதைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போவது தெரியும். அவை 1868-இல் கூடுதலாகப் போட்ட தண்டவாளங்கள். நீங்கள் காது வைத்துக் கேட்ட ரே ஸ்ட்ரீட் பக்கத்தில்தான் அந்தக் குறுக்குக் கடப்பு.

வழிகாட்டியோடு உள்ளே போக வேண்டுமா?

தனியாக நடந்து பார்த்தது போக, மூடிக் கிடக்கும் நிலையங்களுக்குள் போக ஆசையிருந்தால் அதற்கு ஒரே முறையான வழி லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் ஹிட்டன் லண்டன் சுற்றுலாக்கள். டிக்கெட் வெளியான வேகத்தில் தீரும். பயணத் தேதி முடிவானதுமே பார்த்துவிடுங்கள். படிகள் அதிகம், மின்தூக்கி பெரும்பாலும் இருக்காது, மூடிய காலணி கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்களை இதற்கு அழைத்துப் போக வேண்டாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆல்ட்விச். 1907-இல் ஸ்ட்ராண்டு என்ற பெயரில் திறந்து, 1994-இல் மூடிய நிலையம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் இதற்குள் படுத்துறங்கினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களையும் இதன் சுரங்கத்தில்தான் ஒளித்து வைத்தார்கள். டிக்கெட் கிடைக்காவிட்டாலும், சர்ரே ஸ்ட்ரீட்டில் நின்று இரத்தச் சிவப்பு ஓடு பதித்த அதன் முகப்பைப் பார்க்கலாம். இந்தச் சிவப்பு லெஸ்லி கிரீன் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். டஜன் கணக்கில் நிலையங்களை வரைந்துவிட்டு 33 வயதில் இறந்தவர் அவர்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கோவன்ட் கார்டனில் அந்த அருங்காட்சியகமே இருக்கிறது. சிறுவர்களுக்கு அனுமதி இலவசம். கால் ஓய்ந்திருந்தால் இதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் 23 என்று எண் போட்ட நீராவி எஞ்சினைத் தேடுங்கள். 1866-இல் செய்தது, நாம் நடந்த பாதையில் ஓடியது. ஓட்டுநருக்கு மேலே சரியான கூரைகூட இல்லாமல் திறந்தே இருக்கும். உருளையிலிருந்து பக்கத் தொட்டிக்கு ஒரு பருத்த குழாய் போகும். நீராவியைத் தண்ணீருக்குள் அடக்கியது அதுதான். பக்கத்தில் நின்று அதன் புகைபோக்கியையும் பாருங்கள், அப்புறம் பேக்கர் ஸ்ட்ரீட் செங்கல் வளைவின் உயரத்தை நினைத்துப் பாருங்கள்.